டெஸ்லிக்கு வரவேண்டிய ஓக் இலைக் கிரீடம்

டெஸ்லி கத்பர்ட் வார நாட்களில் டென்டர்ஃபீல்டுக்கு வெளியே குப்பைக் கிடங்கின் வாசலில் உட்கார்ந்திருப்பவள். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் அவள் ரோமாபுரியின் போர்வீரன். வீராங்கனை என்று யாராவது மரியாதையாகச் சொன்னால்கூட முகம் சுளிப்பாள். "ரோமாபுரிப் படையில பொம்பளையே கிடையாது. இரும்புத் தொப்பியை மாட்டிட்டா நானும் ஆம்பளைதான், விடு," என்பாள். அவளுடைய தோள்களைப் பார்த்தவர்கள் அதற்கு மேல் வாதம் செய்வதில்லை. பழைய குளிர்பதனப் பெட்டியை ஒற்றை ஆளாக வண்டியிலிருந்து இறக்கிவைக்கும் தோள்கள் அவை.

இந்தப் படை கூடும் இடம் ரோஸன்னா டெலூக்காவின் ஆட்டு மேய்ச்சல் நிலம். ரோஸன்னா ஊரில் மருந்துக்கடை நடத்துகிறாள். கூட்டத்தில் அவள் ஒருத்திதான் இத்தாலிய வம்சம் என்பதால், போட்டியே இல்லாமல் அவளைத் தளபதியாக்கிவிட்டார்கள். எதிரிகளுக்கும் பஞ்சமில்லை. ரக்பி அணிப் பையன்கள் ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு ஜெர்மானியக் காட்டுவாசிகளாக வருவார்கள். போர் முடிந்ததும் கிடைக்கும் பீர்தான் அவர்களுக்கு முக்கியம். வாள்கள் எல்லாம் நுரைப்பஞ்சு சுற்றியவை. உடம்பில் மூன்று அடி பட்டால் செத்தீர்கள். செத்தவர் கொம்பு ஊதும்வரை விழுந்த இடத்திலேயே வாயைத் திறக்காமல் கிடக்கவேண்டும். எறும்பு கடித்தாலும் அதுதான் சட்டம்.

விளையாட்டுதானே என்று டெஸ்லியிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னவர்களின் வண்டியை அவள் கிடங்கு வாசலில் நிறுத்தி, மெத்தை தனி, டயர் தனி, பெயின்ட் டப்பா தனி என்று பிரிக்கவைத்து உயிரை எடுத்துவிடுவாள். மற்றவர்கள் அதே மாதிரி வண்டியில் அதே மாதிரி குப்பையோடு கையசைத்துக்கொண்டே உள்ளே போவார்கள்.

இந்தப் படையில் ஒரு முகாமில் வென்ற விருது அடுத்த முகாமுக்கும் கூடவே வரும். எதிரியை வீழ்த்தியவருக்குக் கைக்காப்பு, அணியைக் காத்தவருக்குக் கழுத்து வளையம், துணிச்சலாக முன்னே பாய்ந்தவருக்கு மார்பில் தொங்கவிட வெள்ளி வட்டு. போன வருஷம் வந்து சேர்ந்த பேக்கரிக்கார டேமியன் நடந்தால்கூடக் கிணுகிணுவென்று சத்தம் வரும். டெஸ்லியின் மார்பில் மட்டும் தோல் பட்டை மொட்டையாகக் கிடந்தது. பலசாலி என்பதால் அவளை எப்போதும் கேடய வரிசையின் கோடியில் நிறுத்திவிடுவார்கள். கோடியில் நிற்பவர் சரியாக நின்றால் யாருக்கும் தெரியாது. தவறினால்தான் தெரியும். டெஸ்லி தவறினதே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலான விருது ஒன்று உண்டு. கூட நிற்பவரின் உயிரைக் காத்தவருக்குக் கிடைக்கும் ஓக் இலைக் கிரீடம். அதை வைத்துக்கொண்டு வந்தால் தளபதியே எழுந்து நிற்கவேண்டும். ஆனால் அந்தக் கிரீடத்தைத் தளபதியால் கொடுக்கமுடியாது. காப்பாற்றப்பட்டவர் படைக்கு முன்னால் வந்து, 'இவர் இல்லையென்றால் நான் செத்திருப்பேன்' என்று தன் வாயால் சொல்லி, தன் கையால் சூட்டவேண்டும். ஊரே பார்த்திருந்தாலும் மற்றவர் சாட்சி செல்லாது. காப்பாற்றியவர் வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. கேட்டால் அத்தோடு போச்சு. இத்தனைக்கும் மேல், காப்பாற்றப்பட்டவர் அன்று முதல் முகாமில் அவரை 'அப்பா' என்றுதான் கூப்பிடவேண்டும், ரோமாபுரியில் அப்படித்தானாம். இந்தக் கடைசி விதியால்தான் அந்தப் படையில் இதுவரை ஒருத்தருக்கும் கிரீடம் கிடைத்ததில்லை. தரையில் மல்லாந்து கிடந்தவர்கள்கூட, "நானே எழுந்திரிக்கப் போனேன், அதுக்குள்ள இவன் வந்துட்டான்," என்று சொல்லிவிடுவார்கள்.

இந்தச் சட்டங்களையெல்லாம் தேடிப்பிடித்து எழுதி வைத்தவர் கிரேம் ஹடோ. டிராக்டர் உதிரிபாகம் விற்று ஓய்வு பெற்றவர், படையில் நூற்றுவர் தலைவர். கையில் திராட்சைக் கொடிக் குச்சி, மூக்குக்கு மேல் கோபம். மற்றவர்கள் முகாமிலும் ஒருவரையொருவர் சொந்தப் பெயரில்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கிரேம் மட்டும் எல்லோருக்கும் நீளநீளமாக லத்தீன் பெயர் வைத்து, அதையும் பிழையில்லாமல் சொல்லி அதட்டுவார். அவர் கத்தினால் செம்மறிகள் வேலிக்கு அந்தப்பக்கம் போய்விடும்.

அந்தக் கிரேம்தான் வசந்தம் முடியும் சமயத்தில் நடந்த முகாமில் முயல் வளையில் கால் விட்டார்.

காய்ந்த ஓடைக்கரையில் சண்டை. யாரும் உத்தரவிடாமலேயே கிரேம் வரிசையை விட்டுத் தனியாக முன்னால் பாய்ந்தார். ஏன் பாய்ந்தார் என்று யாருக்கும் புரியவில்லை. ஜெர்மானியர்களை எட்டுவதற்குள் கால் வளைக்குள் போனது, ஆள் முகம் குப்புற விழுந்தார், இரும்புத் தொப்பி ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம். ஜெர்மானியத் தலைவன் ஜாரட் பிக்கரிங் நாலு பேரோடு ஓடிவந்தான். வரிசையின் கோடியிலிருந்து டெஸ்லி கிளம்பியதை யாரும் பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்ததைத்தான் பார்த்தார்கள். கேடயத்தை அவருக்கு மேலே கூரை மாதிரி பிடித்து, இரண்டு கால்களுக்கு நடுவில் அவரைக் கிடத்திக்கொண்டு, அந்த ஐந்து பேரையும் அந்த ஒரு கேடயத்தோடு சமாளித்தாள். இரண்டு அடி வாங்கினாள். மூன்றாவது விழவே இல்லை. கொம்பு ஊதியது.

கிரேம் எழுந்து, தாடியிலிருந்த புல்லைத் தட்டினார்.

"உன் இடத்தை விட்டு ஏன் வந்த?" என்று கேட்டுவிட்டு, குச்சியைப் பொறுக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போய்விட்டார்.

அன்று சாயந்தரம் படை கூடியபோது ரோஸன்னா வழக்கம்போல மூன்று தடவை கேட்டாள், தன் உயிருக்கு யாருக்காவது கடன்பட்டவர் இருக்கிறாரா என்று. வழக்கமாக அந்தக் கேள்வியின்போது எல்லோரும் சாஸேஜ் வெந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு எல்லோரும் கிரேமைப் பார்த்தார்கள். கிரேம் தன் செருப்பு வாரைப் பார்த்தார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான். டெஸ்லி வெளியில் சிரித்தாள், உள்ளே வெந்துபோனாள். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு விஷயத்தில், தன்னை எல்லோரும் பார்க்கும்படி ஒன்று செய்தோம், அதுவும் போச்சா என்று இருந்தது அவளுக்கு. வாய்விட்டுக் கேட்கவும் வழியில்லை. அடுத்த பெரிய முகாம் ஈஸ்டருக்கு, அந்த நாட்டில் இலையுதிர்காலம் தொடங்கும் சமயம். அது முடிவதற்குள் கிரேம் சொல்லாவிட்டால் அந்த உரிமையே காலாவதி.

ஊர் சும்மா இருக்குமா? பேக்கரிக்குப் போனால் டேமியன் இறைச்சி அடைத்த பலகாரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்பான்.

"கிரீடம் வந்துச்சா?"

"பொட்டலத்தைக் குடு."

"பையன் கூப்பிட்டானா, அப்பான்னு?"

"இன்னொரு தடவை கேட்டேன்னா உன் பழைய பேக்கரி அடுப்பைக் கிடங்குக்குள்ள விடமாட்டேன், பாத்துக்க."

செவ்வாய்க்கிழமை தவறாமல் குப்பையோடு வருகிற கிரேமோ வருவதையே நிறுத்திக்கொண்டார். டெஸ்லியின் முகத்தைப் பார்க்க நேரக்கூடாதென்று, காய்ந்த கிளைகளையும் பழைய பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர்க் கிடங்குவரை ஓட்டிப் போனார். ஒரு மனிதன் நன்றி சொல்லாமல் தப்பிக்க இவ்வளவு பெட்ரோல் செலவழித்து நான் பார்த்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் அவருடைய வண்டி டெஸ்லியின் வாசலில் வந்து நின்றது. ஓட்டிவந்தது அவர் மனைவி நோலீன்.

"கிரேம் வரலையா?" என்றாள் டெஸ்லி.

"முதுகு வலியாம்."

"முதுகு வலிக்காரர் அடுத்த ஊர் வரைக்கும் எப்படி ஓட்டிட்டுப் போறார்? அந்த வாசல்ல இருக்கறவன் எனக்கு ஃபோன் பண்ணிச் சிரிக்கறான், நோலீன். உங்க ஊர் ஆளு ஒருத்தர் வாராவாரம் சுள்ளி கொண்டுவராரு, உங்ககிட்ட இடம் இல்லையான்னு."

நோலீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியை அணைத்துவிட்டு இறங்கினாள்.

"உன்கிட்ட சொன்னேன்னு தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவார். அவர் அன்னைக்குச் சாகறதா இருந்தார், டெஸ்லி."

"என்னது?"

"விளையாட்டுலதான். ரெண்டு முட்டியும் போச்சு. ஆபரேஷன் பண்ணணும், அதுக்கப்புறம் ஓடறது கிடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நாற்காலில உக்காந்து வேடிக்கை பாக்கற கிழவனா போகமாட்டேன், தலைவனாவே செத்துப் படையை விட்டுப் போவேன்னு திட்டம் போட்டார். தனியா பாய்ஞ்சு, அத்தனை பேரையும் எதிர்த்து, லத்தீன்ல பேச்செல்லாம் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தார். குளிக்கற அறைல தினமும் ஒத்திகை. இழவுச் சாப்பாட்டுக்கு என்னை ரெண்டு பாவ்லோவா பண்ணச் சொன்னார். பண்ணினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, முயல் வளை. மேல நீ வேற வந்து நின்னுட்ட. அந்த ரெண்டு கேக்கையும் நாங்களே ஒரு வாரம் உக்காந்து தின்னோம். அவர் ஒரு வாய் தின்னுட்டு ஒரு தடவை பெருமூச்சு விடுவார்."

டெஸ்லிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பேச்சு மனப்பாடம் பண்ணத் தெரிந்த மனிதருக்கு, நான் சாக நினைத்தேன், நீ காப்பாற்றிவிட்டாய் என்று இரண்டு வார்த்தை சொல்லத் தெரியாதா?

"ஈஸ்டர்ல மறுபடியும் சாகப்போறார்," என்றாள் நோலீன். "இந்தத் தடவையாவது அவரைக் காப்பாத்திடாதே, தாயே. ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு. இதான் கடைசி ஓட்டம்."

நோலீன் போனபிறகு டெஸ்லி வெகுநேரம் வாசல் தடுப்புக் கம்பத்தைத் தூக்காமலே உட்கார்ந்திருந்தாள். கொம்பு ஊதி எழுந்தாலும் செத்தவர் அந்த முகாம் முடியும்வரை செத்தவர்தான், அவர் சாட்சி செல்லாது என்பது கிரேம் எழுதிய சட்டங்களில் ஒன்று. அவர் செத்தால், கிரீடத்தைக் கொடுக்கக்கூடிய ஒரே வாயும் மூடிவிடும். சாயந்தரக் கூட்டம்வரை அவரை உயிரோடு வைத்திருந்தால் கொஞ்சமாவது நம்பிக்கை உண்டு. எட்டிப் பிடித்து இடுப்புப் பட்டையைப் பற்றி இழுத்தால் போதும், அவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. பின்னால் மூன்று வண்டிகள் ஹாரன் அடித்தபிறகுதான் எழுந்தாள்.

ஈஸ்டர் சனிக்கிழமை வெயில் இதமாக இருந்தது. ரோஸன்னா கேடய வரிசையை அமைத்தபோது கிரேமுக்குப் பக்கத்திலேயே டெஸ்லியை நிறுத்தினாள். ஓடைக்கு அந்தப்பக்கம் ஆட்டுத்தோல்கள் தெரிந்தன. கிரேம் தலையைத் திருப்பாமல் பேசினார்.

"இந்தத் தடவை உன் இடத்தை விட்டு நகரக்கூடாது."

"நகரமாட்டேன்," என்றாள் டெஸ்லி. "நல்லா சாகுங்க."

அவர் சட்டென்று அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கொம்பு ஊதிவிட்டது, கிரேம் ஓடினார். ஓடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாரம் ஏற்றின வண்டி மேடு ஏறுவதுபோல் போனார். ஆனால் நிற்கவில்லை. டெஸ்லிக்கு அந்தப்பக்கம் நின்ற டேமியன் பதறிப்போய் முன்னால் கால் வைத்தான். அவள் கேடயத்தைக் குறுக்கே போட்டாள்.

"யாரும் போகக்கூடாது. அது அவரோட சாவு."

சொல்லும்போது அவள் கால் கட்டைவிரல்கள் செருப்புக்குள் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

கிரேம் மிக நன்றாகச் செத்தார். மூன்று ஜெர்மானியர்களை வீழ்த்தினார். இரண்டாவது அடிக்குப் பிறகு ஒற்றை முட்டியில் விழுந்து பேச்சை ஆரம்பித்தார். நீளமான பேச்சு. ஜாரட் ஓங்கிய வாளோடு, கை வலிக்க வலிக்க, அவர் முடிக்கும்வரை காத்திருந்தான். மூன்றாவது அடியைக் குழந்தையைத் தட்டுவதுபோலத்தான் தட்டினான். கிரேம் விழுந்தார், பாதி எழுந்தார், வானத்தைப் பார்த்து இன்னும் ஒரு வரி சொன்னார், பிறகுதான் நிஜமாக விழுந்தார். எதிரிகளே கைதட்டினார்கள். டெஸ்லியின் கன்னத்தில் நீர் வழிந்தது. செத்தவருக்காகவா, போன கிரீடத்துக்காகவா என்று கேட்டால், இரண்டுக்கும்தான்.

பிற்பகலில் இறுதிச் சடங்கு. ஏணி ஒன்றில் சிவப்புத் துணி விரித்து, கிரேமைக் கிடத்தி, ஆறு பேர் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார்கள். அவர் கண்ணை மூடி, முகத்தில் பெரிய நிம்மதியோடு கிடந்தார். மேஜையின் அந்தக் கோடியில் நோலீனின் பாவ்லோவா இரண்டு, மேலே ஈ மொய்க்காமல் வலை போட்டு. ரோஸன்னா செங்கோலைப் பிடித்துக்கொண்டு இரங்கல் உரை ஆற்றினாள். செத்தவரைப் பற்றிச் சொல்லும் எல்லா நல்ல பொய்களையும் சொன்னாள். கோபமே வராதவர் என்றாள். இளகிய மனம் என்றாள்.

"யாருக்கும் எந்தக் கடனும் வைக்காம போன மனுஷர்," என்று முடித்தாள்.

"பொய்," என்றது பிணம்.

கூட்டம் திடுக்கிட்டது. கிரேம் ஏணியின்மேல் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"கிரேம், படுங்க," என்றாள் ரோஸன்னா பல்லைக் கடித்துக்கொண்டு. "இன்னும் ரெண்டு பாராதான் இருக்கு."

"படுக்கமாட்டேன். எனக்குக் கடன் இருக்கு. சொல்லணும்."

"செத்தவர் சாட்சி செல்லாது. நீங்க எழுதின சட்டம்தான்."

"தெரியும். அப்ப நான் சாகலை."

வாயில் சாஸேஜோடு ஜாரட் முன்னால் வந்தான். "அது எப்படி? கடைசி அடி நான்தான் அடிச்சேன். அவரைக் கொன்ன புள்ளி எங்களுக்கு வருமா வராதா?"

"வராது," என்றார் கிரேம்.

ரோஸன்னா செங்கோலைக் கீழே வைத்தாள். இப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை. "யோசிச்சுச் சொல்லுங்க, கிரேம். சாகலைன்னா இன்னைக்கு நடந்த எதுவும் கணக்கில்லை. அந்த ஓட்டம், அந்தப் பேச்சு, எல்லாம் போச்சு. இனிமே அப்படி ஒரு சாவு உங்களுக்குக் கிடைக்காது. முட்டியை மாத்திக்கிட்டு அடுத்த முகாமுக்கு வந்தாகணும்."

"நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன்."

"உக்காந்து என்ன பண்ணுவீங்க?"

"கத்துவார்," என்றாள் நோலீன். "இத்தனை வருஷமா வேற என்னத்தப் பண்ணினார்?"

மேய்ச்சல் நிலமே சிரித்தது. கிரேமும் சிரித்தார். பிறகு மேஜையிலிருந்து இறங்கப் பார்த்தார், முட்டி மடங்கவில்லை. டெஸ்லி போய்த் தோளைக் கொடுத்தாள். அவர் அவளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பிடியை விடாமலே படையைப் பார்த்து நின்றார்.

"வசந்தத்துல நான் முயல் வளையில விழுந்தேன்," என்றார். "சிரிங்க, பரவாயில்லை. சாகறதுன்னு முடிவு பண்ணித்தான் போனேன். ஆனா வாயில மண்ணோட, எழுந்திரிக்க முடியாத கிழவனா சாகறதுக்குப் போகலை. அப்படித்தான் செத்திருப்பேன். இவ வந்து என் மேல நின்னா. இவ இல்லைன்னா நான் செத்திருப்பேன். இதைச் சொல்றதுக்கு எனக்கு இத்தனை மாசம் ஆச்சு. வெக்கமா இருந்துச்சு." டெஸ்லியின் தோளைத் தட்டினார். "இன்னைக்கு இவ என்னைப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாம். நான் போனா தன் கிரீடமும் போச்சுன்னு இவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் போகவிட்டா. அதுக்கப்புறம் நான் எப்படி அந்த ஏணில கம்முனு படுத்திருக்கறது?"

ஜாரட் சாஸேஜை மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

கிரேம் நோலீனைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் வண்டிக்குப் போய்ப் பழைய கேக் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தாள். உள்ளே மெல்லிய தாளில் சுற்றி வைத்திருந்தது ஓக் இலைக் கிரீடம். டெஸ்லி இரும்புத் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தாள். கிரேம் இரண்டு கைகளாலும் கிரீடத்தைத் தூக்கியபோது ஒரு இலை பொடிந்து அவள் புறங்கையில் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். வேலியோரத்து ஓக் மரத்தில் இப்போதுதான் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. இது காய்ந்து, சுருண்டு, தேயிலை நிறத்தில் இருந்தது.

"எப்ப கட்டினீங்க இதை?" என்றாள்.

கிரேம் கிரீடத்தை அவள் தலையில் மெதுவாக, சாய்வில்லாமல் அமர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழுந்த அன்னைக்கு சாயந்தரமே," என்றார். "அசையாதீங்க அப்பா, உதிருது."

டெஸ்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.